வெண்பனிப் புயலில் சிக்கிய இளையோர்



பனி என்று சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி மாதத்து விடியற்காலைதான். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி, கோலமிடும்போது தலையில் இறங்கும் ஈரம், கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும்போது அம்மா வற்புறுத்திக் காதைச் சுற்றிக் கட்டிவிடும் துணி, இவ்வளவே நம் பனி அனுபவம். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர் இன்னும் ஒரு படி மேலே போய், சனவரி மாதத்தில் புல்வெளிமீது உப்பைத் தூவினாற்போல் படியும் உறைபனியையும் கண்டிருப்பர். மற்றபடி, குடிலின் கூரைமேல் நாம் ஒட்டும் பஞ்சுதான் நம் வெண்பனி!

தமிழில் இவை யாவற்றுக்கும் பனி என்னும் ஒரே சொல்லைக் கொண்டு நாம் சமாளித்துக்கொள்கிறோம். ஆனால் இக்கட்டுரையில் வரும் பனி வேறு. அது வானத்திலிருந்து மாவுபோல் பொழிந்து, கடுங்காற்றோடு சேர்ந்து, வீட்டு வாசலில் நிற்பவருக்கே வீட்டை மறைத்துவிடும் பனி. அதில் சிக்கிக்கொண்ட நம் வயதினரும், நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த இளம் ஆசிரியைகளும் எவ்வாறு உயிர் பிழைத்தனர், பிழைக்காதவர்கள் எதனால் பிழைக்கவில்லை என்பதையே இங்கே காண்போம். வீரம் ஒன்றே அவர்களைக் காத்தது என்று கதைகள் சொல்லும். உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது.

முதலில் பனிப்புயல் என்பது யாது? அமெரிக்க வானிலைத் துறை இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. காற்று மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் வீசவேண்டும். கால் மைலுக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இந்நிலை மூன்று மணி நேரமாவது நீடிக்கவேண்டும். இதில் வியப்பு என்னவென்றால், புதிதாகப் பனி பொழியவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. முன்பே தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி எழுப்பினாலும் அது பனிப்புயலே. ஆகவே இதன் உயிர்நாடி பனியன்று, காற்று.

இத்தகைய புயல்களுக்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளி. நம் நாட்டுக்கு வடக்கே இமயமலை கிழக்கு மேற்காக மதில்போல் நின்று வடதிசைக் குளிரைத் தடுக்கிறது. அங்கோ பெருமலைத் தொடர்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஆதலால் துருவப் பகுதியில் தேங்கிய குளிர்காற்று, தடுப்பார் யாருமின்றிக் கனடா வழியாகச் சறுக்கி இறங்கி, நெப்ராஸ்கா, கான்சாஸ் வரையில் ஒரே ஓட்டமாக வந்துவிடும். பூகோளப் பாடத்தில் மலைத்தொடர்களின் திசையை ஏன் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் என்று முணுமுணுக்கும் தோழியர் இதைக் கவனிக்க!

1862ஆம் ஆண்டு அமெரிக்க அரசு குடியேற்ற நிலச்சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி இச்சமவெளியில் குடியேறி ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஜெர்மனி, நார்வே, ருஷ்யா போன்ற நாடுகளிலிருந்தெல்லாம் ஏழை விவசாயிகள் வந்து குவிந்தனர். மரமே இல்லாத வெளி அது. எனவே புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, செங்கல்போல் அடுக்கி வீடு கட்டினர். விறகு இல்லாததால் உலர்ந்த புல்லை முறுக்கிக் கணப்பில் போட்டு எரித்தனர். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை மைல், ஒரு மைல் இடைவெளி. அங்கங்கே ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்; அதில் ஒரே ஓர் ஆசிரியை. அவளுக்கும் பெரும்பாலும் வயது இருபதுக்குள்தான் இருக்கும். நம் பள்ளியிலிருந்து சென்ற ஆண்டு விடைபெற்றுப் போன அக்காமாரைக் கையில் ஒரு மணியையும் சுண்ணக்கட்டியையும் கொடுத்து அப்படியே அங்கே நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

1888ஆம் ஆண்டு சனவரி 12, வியாழக்கிழமை. அதற்கு முந்திய நாள்களில் கடுங்குளிர். அன்று காலையிலோ, வழக்கத்துக்கு மாறாக இதமான வெயில். பல நாள் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் மகிழ்ச்சியோடு வெளியே வந்தனர். ஆடவர் மாடுகளை ஓட்டிச் சென்றனர். சிறுவர் சிறுமியர் கனத்த மேலங்கியையும் கையுறையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துப் பள்ளிக்குப் போயினர். அந்த இதமான காலைதான் அவர்களுக்குக் கண்ணியாக அமைந்தது.

வடமேற்கிலிருந்து வந்த புயல், டகோட்டாப் பகுதியையும் நெப்ராஸ்காவையும் தாக்கியபோது பல இடங்களில் பிள்ளைகள் பள்ளியிலோ, பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியிலோ இருந்தனர். பிழைத்தவர்கள் பின்னாளில் எழுதிவைத்த குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு: அது சிறிது சிறிதாக வலுக்கவில்லை, ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல் வந்து மோதியது. பனியும் நாம் படங்களில் காணும் பூப்போன்ற பனியன்று. அரைத்த மாவுபோன்ற நுண்ணிய பனித்தூள். அது கண்ணிமைகளில் ஒட்டி உறைந்து இமைகளை மூடிவிட்டது. மூக்கிலும் வாயிலும் புகுந்து மூச்சைத் திணறடித்தது. நீட்டிய கை தெரியவில்லை. வெப்பநிலை சரிந்துகொண்டே போய், இரவில் பல இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி ஃபாரன்ஹீட் அளவை எட்டியது. நம் கணக்கில் அது பூச்சியத்துக்குக் கீழே 34 டிகிரி செல்சியஸ்.

முன்னறிவிப்பு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அக்காலத்தில் வானிலை பார்க்கும் வேலை இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் இருந்தது. குளிரலை வருகிறதென்றால் நடுவில் கறுப்புச் சதுரம் தைத்த வெள்ளைக் கொடியை ஏற்றுவார்கள். ஆனால் கொடி பறப்பது தந்தியும் இரயிலும் உள்ள ஊரில். பிள்ளைகள் இருப்பதோ பல மைலுக்கு அப்பால் புல்வெளியில். கொடி யாருக்காக ஏற்றப்பட்டதோ அவர்கள் கண்ணுக்கு அது தெரியாது! 1891இல் அப்பணி இராணுவத்திடமிருந்து வேளாண்மைத் துறைக்கு மாற்றப்பட்டது.

இறந்தோர் தொகை 235 என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். ஆதலின் இதைப் பள்ளிக் குழந்தைகளின் பனிப்புயல் என்றே வரலாறு குறிக்கிறது. (அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரைத் தாக்கியது வேறொரு புயல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர்.)

இனி, குளிர் மனிதரை எவ்வாறு கொல்கிறது என்பதை அறிந்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். குளிர் தாக்கியதும் உடல் முதலில் கைகால்களுக்கும் தோலுக்கும் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இதயம், மூளை ஆகிய உள்ளறைகளைக் காப்பாற்ற வெளித்திண்ணையைக் கைவிடுகிறது என்று சொல்லலாம். விரல்களும் கால்களும் முதலில் உறைந்து கருகிப்போவது இதனால்தான். அடுத்து நடுக்கம். நடுக்கம் நோயன்று, தசைகள் வேகமாக இயங்கி வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடு. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், எடுக்கும் முடிவுகள் தவறும். ஏறத்தாழ 32 டிகிரிக்குக் கீழே நடுக்கமும் நின்றுவிடும். அதுவே மிக ஆபத்தான கட்டம். அப்போது சிலருக்கு உடல் எரிவதுபோல் தோன்றி, அணிந்திருக்கும் ஆடையையே களைந்து எறிவர். அதன்பின் தூக்கம். அந்தத் தூக்கம் இனிமையாக இருக்கும் என்பதுதான் கொடுமை.

சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் குளிர்ந்து விடுகின்றனர். பெரிய குடத்து வெந்நீரும் சிறு குவளை வெந்நீரும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை அல்லவா? எடையோடு ஒப்பிட்டால் சிறிய உடலுக்குத் தோற்பரப்பு அதிகம். அதனால் வெப்பம் வெளியேறும் வழியும் அதிகம். ஈர ஆடையோ இன்னும் பகைவன். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும்.

காற்றின் கொடுமையை அளந்து காட்டியவர் பால் சிப்பிள் என்பவர். இவர் 1928இல், தம் பத்தொன்பதாம் வயதில், சாரணர் இயக்கத்தின் சார்பில் தெரிவு செய்யப்பட்டு அட்மிரல் பேர்டுடன் தென்துருவக் கண்டத்துக்குச் சென்ற இளைஞர். பின்னாளில் அறிவியலறிஞராகி மீண்டும் அங்கே சென்று, சார்லஸ் பாசெல் என்பவருடன் சேர்ந்து, ஓர் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பொறுமையாகக் குறித்தார். 1945இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. 2001இல் திருத்தப்பட்ட அட்டவணையின்படி, பூச்சியம் டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் மணிக்கு 40 மைல் காற்று வீசினால், திறந்த முகத்துக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 29 டிகிரியாகவே படும். ஆகவே, காற்றுக்கு மறைவாக ஒரு மண்சுவர், ஒரு புற்போர், ஏன், பனியிலேயே தோண்டிய ஒரு குழி இருந்தாலும் அது பெரும் பாதுகாப்பு. பனியின் துகள்களுக்கிடையே காற்று அடைபட்டிருப்பதால் பனியே கம்பளிபோல் வெப்பத்தைக் காக்கும்.

இப்போது 1888க்குத் திரும்புவோம். அன்றைய நெப்ராஸ்கா இளம் ஆசிரியைகளுள் மூவர் பெயர் நாடெங்கும் பரவியது.

மின்னி ஃப்ரீமன் இருபது வயது நிரம்பாதவள். மீரா பள்ளத்தாக்கு என்னும் இடத்தில் மண்கட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கற்பித்து வந்தாள். புயல் கதவைப் பெயர்த்தது. அதைத் திரும்பப் பொருத்தினர். பின்பு கூரையே கிழிந்து பறக்கத் தொடங்கியது. இனி அங்கே இருந்தால் சாவு நிச்சயம் என்று கண்ட மின்னி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவரையும் பிரியவிடாமல், ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவிலிருந்த பண்ணைவீட்டுக்கு நடத்திச் சென்றாள். எல்லாரும் போய்ச் சேர்ந்தனர். ஒருவரும் இறக்கவில்லை. பத்திரிகைகள் கொண்டாடின. பதின்மூவரைக் காத்த நங்கை என்று பாட்டுக் கட்டினர். பரிசுகள் வந்தன, முன்பின் அறியாதவர்களிடமிருந்து திருமண வேண்டுகோள்களும் கட்டுக்கட்டாக வந்தனவாம்! பிள்ளைகளையெல்லாம் ஒரே சணற்கயிற்றில் பிணைத்து அழைத்துச் சென்றாள் என்பது மிகப் புகழ்பெற்ற பகுதி. ஆனால் கயிறே கிடையாது என்று அன்று உடன் நடந்தவர்களே பின்னாளில் மறுத்ததுண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறிப்புக்குக் குறிப்பு வேறுபடுகிறது.

லோயிஸ் ராய்ஸ் என்னும் ஆசிரியை பிளெயின்வியூ என்ற ஊருக்கருகே கற்பித்தாள். நண்பகலில் மற்றப் பிள்ளைகள் வீடு சென்றுவிட, ஒன்பது வயதுச் சிறுவர் இருவரும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவளோடு எஞ்சியிருந்தனர். பிற்பகலில் கணப்புக்குப் போட எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவள் தங்கியிருந்த வீடு அங்கிருந்து 200 கெஜத் தொலைவுதான். நம் விளையாட்டுத் திடலை இருமுறை கடக்கும் தூரம். மூவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். சில அடிகளிலேயே திசை தப்பியது. இருட்டும்வரை சுற்றிச்சுற்றி அலைந்து, வெட்டவெளியில் படுத்து, தன் மேலங்கியாலும் உடற்சூட்டாலும் பிள்ளைகளை அணைத்துக் கிடந்தாள். அந்தோ! இரவில் சிறுவர் இருவரும், விடியும் நேரத்தில் சிறுமியும் அவள் கையிலேயே உயிர்விட்டனர். எழுந்து நிற்க முடியாத நிலையில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு பண்ணைவீட்டை அடைந்தாள். அவளுடைய பாதங்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவர் செய்ததும் ஒன்றே: பள்ளியை விட்டுப் பிள்ளைகளோடு வெளியேறினர். இருவருக்கும் வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருத்திக்குக் கூரை போயிற்று. மற்றொருத்திக்குத் தீ அணைந்தது. நெடுந்தொலைவு நடந்தவள் சேர்ந்தாள். அண்டை வீட்டுக்குப் புறப்பட்டவள் சேரவில்லை. முன்னவளைப் பாட்டில் வைத்தும் பின்னவளைப் பரிதாபத்தில் வைத்தும் பேசுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. லோயிசின் துணிவு எள்ளளவும் குறைந்ததன்று. கண் மறைக்கப்பட்ட மனிதர் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு வளைந்தே நடப்பர் என்பது பலமுறை சோதித்துக் கண்ட உண்மை. பிடித்துக்கொள்ள ஒரு வேலியோ, சுவரோ, வைக்கோல் வரிசையோ இல்லாதபோது 200 கெஜமும் கடல்தான். அன்று வீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையிலேயே வழிதவறி மாண்ட விவசாயிகளும் உண்டு. உயிரோடு இருந்தவர்களில் மிகப் பலர், பள்ளியிலேயே இரவு முழுதும் தங்கி, எரிபொருள் தீர்ந்ததும் பெஞ்சுகளையும் மேசைகளையும் உடைத்து எரித்தவர்களே. அவர்கள் பெயரில் பாட்டு ஒன்றும் இல்லை.

மூன்றாமவள் எட்டா ஷாட்டக். பத்தொன்பது வயது. தனியே நடந்து செல்கையில் புயலில் அகப்பட்டாள். தட்டுத்தடுமாறி, வயலில் நின்ற உலர்புற்போர் ஒன்றில் கையால் குடைந்து உள்ளே நுழைந்துகொண்டாள். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று இரவுகள் கழிந்தன. வைக்கோலுக்குள் எலிகள் ஓடும் ஓசையைக் கேட்டபடி, செபித்துக்கொண்டும், தனக்குத் தெரிந்த ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டும் விழித்திருந்தாள். ஞாயிறன்று மாடுகளுக்குப் புல் எடுக்க வந்த விவசாயி ஒருவர் அவளைக் கண்டெடுத்தார். 78 மணி நேரம்! அந்தப் புல்லுக்குள் அடைபட்ட காற்றும், காற்றுக்கு மறைவும், மனத்தைத் தளரவிடாத செபமும் அவளை அத்தனை நேரம் காத்தன. ஆனால் கால்கள் உறைந்துபோயிருந்தன. அவற்றை அறுத்தெடுத்தும், பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் அவள் இறந்தாள். அவளுக்காக ஓமாஹா பீ என்னும் செய்தித்தாள் திரட்டிய நிதி அவளுக்குப் பயன்படவில்லை.

பனியிலிருந்து மீட்கப்பட்டபின் மாண்டவள் எட்டா மட்டும் அல்லள். இரவெல்லாம் உயிரோடிருந்து, காலையில் எழுந்து நின்று சில அடி நடந்ததும் விழுந்து இறந்தவர்கள் உண்டு. அதன் காரணம் இப்போது தெரியும். கைகால்களில் தேங்கிக் கிடந்த குளிர்ந்த இரத்தம், உடல் அசைந்ததும் இதயத்துக்குத் திரும்புகிறது. குளிர்ந்த இதயமோ சிறு அதிர்ச்சியையும் தாங்காது; தாளம் தவறி நின்றுவிடும். ஆகவே அத்தகையவரைக் கிடத்திய நிலையிலேயே, கண்ணாடிப் பாத்திரம்போல் தூக்கவேண்டும் என்று இன்று மீட்புப் பணியாளருக்குக் கற்பிக்கப்படுகிறது. அக்காலத்தில் உறைந்த கைகால்களைப் பனியால் தேய்ப்பதே சிகிச்சை. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1812ஆம் ஆண்டு ருஷ்யப் படையெடுப்பில் கண்டவற்றிலிருந்து வகுத்த முறை அது. நூறாண்டுக்கும் மேலாக உலகம் அதை நம்பியது. தேய்ப்பது உறைந்த சதையைக் கிழிக்கும் என்பதே இன்றைய மருத்துவம். மறுபடியும் உறைந்துவிடும் ஆபத்து இல்லை என்று உறுதியானபின், வெதுவெதுப்பான நீரில் வைப்பதே முறை.

இன்னொரு தவறான நம்பிக்கை பிராந்தி. ஆல்ப்சு மலையின் செயின்ட் பெர்னார்டு கணவாயில், மெந்தோன் நகரப் புனித பெர்னார்து பதினோராம் நூற்றாண்டில் நிறுவிய துறவியர் விடுதி இன்றும் இருக்கிறது. அகுஸ்தீன் சபைத் துறவியர் பனியில் சிக்கிய வழிப்போக்கரைப் பெருநாய்களின் துணையோடு மீட்டுவந்தனர். 1923இல் அப்புனிதரை ஆல்ப்சு மலைவாசிகளுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்த திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தாமே இளமையில் தேர்ந்த மலையேற்ற வீரர்! அந்நாய்களின் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்குவதாகப் படங்களில் பார்த்திருப்போம். அது ஓவியரின் கற்பனை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொட்டச் செய்யும். சூடு ஏறுவதுபோல் தோன்றும், ஏறுவதில்லை, போகிறது.

பள்ளிக் குழந்தைகளின் பனிப்புயலுக்கு 43 ஆண்டுகளுக்குப் பின், அதே பெருஞ்சமவெளியின் தென்மேற்கில், கொலராடோ மாநிலத்து டவுனர் என்ற சிற்றூருக்கு அருகே மற்றொரு துயரம் நிகழ்ந்தது. இம்முறை பொறுப்பு விழுந்தது ஆசிரியை தோளில் அன்று. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் தோளிலேயே.

1931ஆம் ஆண்டு மார்ச்சு 26. அதுவும் வியாழக்கிழமை. தவக்காலம், குருத்து ஞாயிற்றுக்கு மூன்று நாள்களே இருந்தன. பிளசண்ட் ஹில் பள்ளிக்கு 20 பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்து, புயல் வருவதைக் கண்டு, அவர்களை வீட்டில் சேர்க்க உடனே திரும்பியது. அது லாரியின்மேல் மரக்கூண்டு பொருத்திய வண்டி. உடைந்த சன்னலில் அட்டை வைத்து அடைத்திருந்தது. சற்றுத் தொலைவிலேயே சாலை மறைந்து, வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. பிள்ளைகள் வசந்த காலத்துக்குரிய மெல்லிய உடையில் இருந்தனர். கூண்டின் இடுக்குகள் வழியே பனித்தூள் உள்ளே கொட்டியது.

புத்தகத் தாள்களைக் கிழித்துத் தீ மூட்ட முயன்றனர், புகைதான் மிஞ்சியது. பின்பு ஓட்டுநரும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து சிறியவர்களை உட்காரவிடாமல் குதிக்கச் செய்தனர். கால்களை உதைக்கவும், ஒருவரையொருவர் விளையாட்டாகக் குத்திக்கொள்ளவும், பாடவும் வைத்தனர். கண் சொருகியவர்களை உலுக்கி எழுப்பினர். மேலே நடுக்கத்தைப் பற்றிச் சொன்னதை நினைவுகூர்ந்தால், அவர்கள் செய்தது எவ்வளவு சரி என்பது விளங்கும். நடுக்கம் செய்யும் வேலையையே குதித்தலும் செய்கிறது. ஆனால் அதற்கு உணவு வேண்டும். உணவு தீர்ந்த உடல் நெடுநேரம் வெப்பம் தராது. கையில் இருந்ததோ பனிபோல் உறைந்துபோன மதியச் சாப்பாடு. தாகத்துக்குப் பனியைத் தின்றால் இன்னும் கேடு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அந்த 80 கலோரியையும் தின்பவர் உடலே கொடுக்கவேண்டும்.

இரவு கழிந்து வெள்ளிக்கிழமை காலையில், உதவி தேடி ஓட்டுநர் கால்நடையாகப் புறப்பட்டார். அன்று மாலை, வண்டி சிக்கி ஏறத்தாழ 33 மணி நேரத்துக்குப் பின், தேடிவந்த பெற்றோர் இருவர் பேருந்தைக் கண்டனர். ஐந்து பிள்ளைகளை இழக்க நேர்ந்தது. பதினைந்து பேர் பிழைத்தனர்.

பதின்மூன்று வயதான பிரையன் அன்டீட் தன் உடைகளைக் கழற்றிச் சிறியவர்களுக்குப் போர்த்தினான் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அவன் தம்பி இறந்த ஐவருள் ஒருவன். குடியரசுத் தலைவர் ஹூவர் அவனை வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சில நாள்கள் விருந்தினனாகத் தங்கவைத்தார். அச்சிறுவனின் நல்ல மனத்தில் ஐயமில்லை. ஆயினும், அன்று வண்டிக்குள் சிறியவர்களைக் காத்தவன் அவன் ஒருவனே அல்லன், பெரிய பிள்ளைகள் எல்லாருமே பாடுபட்டனர் என்று உடனிருந்தோர் பிற்காலத்தில் வருத்தத்தோடு கூறினர். அவ்வண்டியில் பதினான்கு வயதுப் பெண்களும் இருந்தனர். அவர்களுள் ஒருத்தி இறந்தும் போனாள். பத்திரிகைக்கு ஒரு வீரன் போதும். இருபது பேர் கதையை யார் அச்சிடுவது? மின்னியின் பாட்டில் நேர்ந்ததும் இதுவே.

1888இன் புயலைப் பொறுத்தவரை அக்குறை ஓரளவு தீர்ந்தது. அதில் பிழைத்த முதியவர்கள் 1940இல் நெப்ராஸ்காவில் ஒரு சங்கம் அமைத்து, ஒவ்வொருவரிடமும் நினைவுக் குறிப்பு எழுதி வாங்கி, 1947இல் நூலாக வெளியிட்டனர். பாட்டில் இடம்பெறாத பள்ளிகளையும், உடைத்து எரித்த பெஞ்சுகளையும் நாம் அறிவது இத்தகைய குறிப்புகளால்தான்.

இன்று அந்நாடுகளில் குளிர்காலம் தொடங்குமுன்பே மக்களுக்குச் சில விதிகளை நினைவூட்டுகின்றனர். வண்டி பனியில் சிக்கினால் இயந்திரத்தை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டலாம். அதற்குமுன் புகைக்குழாயின் வாயை மூடியிருக்கும் பனியை நீக்கவேண்டும். இல்லையேல் நச்சுக்காற்று உள்ளே புகும். சன்னலைச் சிறிது திறந்துவைக்க வேண்டும். தேடுவோர் கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கட்டவேண்டும். நெருங்கி அமர்ந்து கைகால்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்கக்கூடாது. இவை யாவற்றுக்கும் முதலாவதாகச் சொல்லப்படும் விதி: அருகில் புகலிடம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி, வண்டியை விட்டு இறங்காதே.

டவுனர் பேருந்தின் ஓட்டுநருடைய உடல், வண்டியிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வயல்வெளியில் மறுநாள் கண்டெடுக்கப்பட்டது. வெளியே போவது ஆபத்து என்பதை அறியாதவர் அல்லர் அவர், அச்சமவெளியின் விவசாயிதான். ஆனால் ஓர் இரவு முழுவதும் யாரும் தேடி வரவில்லை. வண்டிக்குள் இருபது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அவருடைய எட்டு வயது மகள்.